நம் கோயில் கட்டுரையை யார் அழித்தது?

குழு: பெரியவீட்டுச் சொந்தங்கள்

சனிக்கிழமை

சண்முகம் சித்தப்பா, காலை 6:10
எல்லோருக்கும் வணக்கம். தமிழ் விக்கிப்பீடியாவில் நம் ஊர்ச் சிவன் கோயில் கட்டுரையில் "2000 ஆண்டுகள் பழமையானது" என்று எழுதியிருந்தேன். யாரோ ஒருவர் அதை எடுத்துவிட்டார். திரும்ப எழுதினேன், திரும்ப எடுத்தார். நேற்று இரவோடு மூன்று முறை ஆகிவிட்டது.

சண்முகம் சித்தப்பா, காலை 6:13
இந்தக் குழுவில் 27 பேர் இருக்கிறோம். ஆளுக்கொரு கணக்கு தொடங்கி நான் எழுதியதையே திரும்பப் போடுங்கள். 27 பேருக்கு முன்னால் அவர் ஒருவர் என்ன செய்வார்?

ராஜி அத்தை, காலை 6:20
நம் கோயிலையா எடுத்துவிட்டார்கள்? கணக்கு எப்படித் தொடங்குவது என்று சொல், தம்பி. நான் செய்கிறேன்.

முத்து அண்ணன், காலை 6:31
நானும் தயார் சித்தப்பா. யார் அந்த ஆள்? எந்த ஊர், என்ன ஆட்கள் என்று விசாரித்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

கயல், காலை 6:44
அத்தை, அண்ணா, தயவுசெய்து யாரும் கணக்கு தொடங்க வேண்டாம். இப்போதுதான் எழுந்து பார்த்தேன். சித்தப்பா, ஐந்து நிமிடம் கொடுங்கள், எழுதுகிறேன்.

கயல், காலை 6:58
நான் ஆறு வருடமாக அங்கே எழுதுகிறேன், அதனால் சொல்கிறேன். ஒரே நாளில் 27 புதுக் கணக்குகள் வந்து ஒரே வரியைப் போட்டால், யார் எப்போது என்ன மாற்றினார் என்று காட்டும் வரலாற்றுப் பக்கத்தில் அது பளிச்சென்று தெரியும். கைப்பாவைக் கணக்குகள், அதாவது ஒருவரே பல பெயரில் தொடங்கிய கணக்குகள் என்று சந்தேகிப்பார்கள். 27 பேரும் உண்மையான ஆட்களாகவே இருந்தாலும், ஒருவர் சொல்லி வந்தவர்கள் என்றால் ஒரே குரலாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அங்கே தலையை எண்ணுவதில்லை, சொல்லும் காரணத்தைத்தான் பார்ப்பார்கள். கடைசியில் உங்கள் கணக்குக்குத்தான் தடை வரும், சித்தப்பா.

கயல், காலை 7:01
ஒருவர் மாற்றியதை இன்னொருவர் பழையபடி ஆக்கி, இப்படி மாற்றி மாற்றி மீளமைப்பதைத் தொகுப்புப் போர் என்பார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் கணக்கைத் தடுக்கலாம் என்றே விதி இருக்கிறது. நீங்கள் எழுதியது சரியாகவே இருந்தாலும் அந்த விதி பொருந்தும். நான்காவது முறை வேண்டாம், சித்தப்பா.

சண்முகம் சித்தப்பா, காலை 7:09
34 வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அந்தப் பிரகாரத்தில் நடக்கிறேன். முகம் தெரியாத ஒருவர் வந்து அழிப்பார், நான் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா?

கயல், காலை 7:12
உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, சித்தப்பா. என்னுடைய முதல் கட்டுரையையும் ஒருவர் பாதியாக வெட்டினார். அன்று முழுக்க அழுதிருக்கிறேன்.

பிரபா, காலை 7:30
அப்பா, நான் வரலாற்றைத் திறந்து பார்த்தேன். அவர் சும்மா எடுக்கவில்லை. முதல் இரண்டு முறையும் தொகுப்புச் சுருக்கத்தில், அதாவது ஏன் மாற்றினோம் என்று குறிக்கும் இடத்தில், "சான்று இல்லை" என்று எழுதியிருக்கிறார். மூன்றாவது முறை உரையாடல் பக்கத்திலும் எழுதியிருக்கிறார்: "தலபுராணம் தவிர வேறு சான்று இருந்தால் தாருங்கள். நானும் தேடுகிறேன்."

சண்முகம் சித்தப்பா, காலை 7:41
உரையாடல் பக்கம் என்று ஒன்று இருக்கிறதா? நான் பார்க்கவே இல்லையே.

கயல், காலை 7:43
கட்டுரைக்கு மேலேயே "உரையாடல்" என்று இருக்கும். போனில் கண்ணில் படாமல் போவது சகஜம். சண்டை தீர்வதெல்லாம் அந்தப் பக்கத்தில்தான். அவர் உங்களிடம் பேசக் காத்திருக்கிறார், சித்தப்பா.

அப்பா, காலை 8:05
முத்து, என்ன ஆட்கள் என்று விசாரிக்கும் பேச்சு இந்தக் குழுவில் வேண்டாம்.

கயல், காலை 8:10
அப்பா சொன்னதுதான் அங்கேயும் விதி. புனைபெயரில் எழுதுகிறவரின் உண்மைப் பெயரையும் ஊரையும் தோண்டி எடுத்து வெளியிட்டால் அது பெரிய குற்றம். எழுதியதைப் பற்றித்தான் பேச வேண்டும், எழுதியவரைப் பற்றிப் பேசக் கூடாது.

முத்து அண்ணன், காலை 8:15
சரி. தவறுதான்.

தேவி (மெல்போர்ன்), காலை 8:40
ஒரு பழைய சந்தேகம் கயல். நான் இருக்கும் நாட்டின் பெயரே அங்கே "ஆத்திரேலியா" என்று இருக்கிறதே. அதற்கும் சண்டை நடந்திருக்குமா?

கயல், காலை 8:52
ஸ் போன்ற கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்பது தமிழ் விக்கிப்பீடியாவில் வருடக்கணக்கில் பேசப்பட்ட விஷயம். நாம் ஆஸ்திரேலியா என்போம், இலங்கையில் அவுஸ்திரேலியா என்பார்கள். தலைப்பு ஒன்றுதான் இருக்க முடியும் என்பதால் மற்ற வடிவங்களுக்கு வழிமாற்று வைப்பார்கள். எதைத் தேடினாலும் அந்தப் பக்கத்துக்கே போய்ச் சேரலாம்.

கயல், காலை 8:57
ஆங்கிலத்தில் தயிர்க் கட்டுரையின் தலைப்பில் ஒரே ஓர் எழுத்து இருக்க வேண்டுமா, வேண்டாமா (yoghurt-ஆ, yogurt-ஆ) என்று 2003 முதல் 2011 வரை விவாதம் ஓடியது.

ராஜி அத்தை, காலை 9:00
தயிருக்கு எட்டு வருடமா!

கயல், காலை 9:14
ஆமாம் அத்தை. ஆனால் எனக்கு மனதில் நிற்பது போலந்தில் இருக்கும் ஒரு துறைமுக நகரம். போலந்துக்காரர்களுக்கு அது கதான்ஸ்க், ஜெர்மானியர்களுக்கு டான்சிக். இரு பக்கமும் ரத்தம் சிந்திய நகரம், இரண்டாம் உலகப் போரே அங்கேதான் தொடங்கியது. எந்தப் பெயரை எழுதுவது என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் ஓயாத தொகுப்புப் போர். 2005-ல் காலவாரியாகப் பிரித்து வாக்கெடுப்பு வைத்தார்கள். 1308 முதல் 1945 வரையிலான வரலாற்றுக்கு டான்சிக், அதற்கு முன்னும் பின்னும் கதான்ஸ்க் என்று முடிவானது. வாக்கெடுப்பு அங்கே அபூர்வம், வேறு வழியில்லாமல்தான் வைத்தார்கள். எந்தக் காலத்துக்கு எந்தப் பெயர் என்று கேள்வியைச் சரியாகப் பிரித்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

சண்முகம் சித்தப்பா, காலை 9:30
சரி. சான்றுதானே கேட்கிறார்? கருவறையின் தென்சுவரில் கல்வெட்டே இருக்கிறது. நானே படித்தேன். "திருமகள் போல" என்று தொடங்குகிறது. ராஜராஜன் மெய்க்கீர்த்தி, அரசன் புகழைச் சொல்லும் தொடக்க வரிகள். இதைவிட என்ன வேண்டும்?

கயல், காலை 9:36
அருமை சித்தப்பா! ஆனால் நீங்களே படித்தது என்று எழுதினால் அது சொந்த ஆய்வு ஆகிவிடும். வேறு ஒருவர் சரிபார்க்க வழி வேண்டும். அச்சில் வந்திருக்கிறதா? 1880-களிலிருந்தே அரசுக் கல்வெட்டாய்வாளர்கள் ஊர் ஊராகப் போய் மைப்படி (கல்லில் உள்ள எழுத்தை மையால் தாளில் ஒற்றி எடுக்கும் படி) எடுத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரான ஹுல்ட்ஸ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி 1890-ல் வந்தது. ஆண்டறிக்கைகளும் இருக்கின்றன. நம் கோயில் அவற்றில் இருந்தால் அதுதான் சான்று.

அப்பா, காலை 9:50
சண்முகம், ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ராஜராஜன் ஆண்டது 985 முதல் 1014 வரை. அப்படியானால் கல்வெட்டு ஆயிரம் வருடம் என்றுதானே சொல்கிறது?

சண்முகம் சித்தப்பா, காலை 10:22
அண்ணா, கல்வெட்டு அந்த வருடம் கோயில் இருந்தது என்றுதான் சொல்லும். அதற்கு முன் இல்லை என்று சொல்லாது.

கயல், காலை 10:25
மிகச் சரி. இதை அப்படியே உரையாடல் பக்கத்தில் எழுதுங்கள் சித்தப்பா. கட்டுரையில் இரண்டையும் வைக்கலாம், யார் சொல்வது என்பதோடு: "2000 ஆண்டுகள் பழமையானது எனத் தலபுராணம் கூறுகிறது. கோயிலில் உள்ள கல்வெட்டுகளுள் ஒன்று முதலாம் ராஜராஜன் காலத்தது." அச்சுச் சான்று கிடைத்த பிறகு இரண்டாவது வரியைச் சேர்க்கலாம். நடுநிலை நோக்கு என்பது இதுதான். நம் புராணத்தை யாரும் அழிக்கவில்லை, அதை வரலாறாக எழுத வேண்டாம் என்றுதான் கேட்கிறார்கள்.

சித்தி, காலை 10:40
அவர் அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால்?

கயல், காலை 10:47
தொடர்பில்லாத மூன்றாமவர் ஒருவரைப் பார்க்கச் சொல்லலாம், சித்தி. அப்புறம் ஆலமரத்தடி இருக்கிறது, எல்லோரும் கூடிப் பேசும் பக்கம். யாராவது எல்லை மீறினால் நிருவாகிகள் தடுப்பார்கள், ஆனால் கட்டுரையில் யார் சொல்வது சரி என்று தீர்ப்பு சொல்ல மாட்டார்கள். ஆங்கிலத்தில் 2004 முதல் நடுவர் குழு ஒன்று உண்டு. அதுவும் நடத்தையைத்தான் விசாரிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை

சண்முகம் சித்தப்பா, காலை 5:50
இரவு எழுதிவிட்டேன். "உங்கள் குறிப்பை முன்பே பார்க்காமல் மூன்று முறை மீளமைத்தேன், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று தொடங்கினேன். கல்வெட்டையும் சொன்னேன்.

பிரபா, காலை 7:15
பதில் வந்துவிட்டது அப்பா. "தலபுராணம் கூறுகிறது என்ற வடிவம் எனக்கும் ஏற்பு. கல்வெட்டில் ஆட்சியாண்டு தெரிகிறதா? தெரிந்தால் தொகுதிகளில் தேடுவது எளிது" என்று கேட்டிருக்கிறார்.

சண்முகம் சித்தப்பா, காலை 7:18
யாண்டு என்ற சொல் வரை படித்தேன். அதற்கு மேல் சுண்ணாம்பு மூடியிருந்தது. முத்து, ஊரில்தானே இருக்கிறாய்?

முத்து அண்ணன், காலை 7:20
ஆமாம் சித்தப்பா. சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்க்கவா?

கயல், காலை 7:20
வேண்டாம் அண்ணா! கல்லில் கீறல் விழுந்துவிடும். படம் மட்டும் எடுங்கள். நீங்களே எடுத்த படம் என்றால் விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்து வைக்கும் பொதுவகத்திலும் ஏற்றலாம், கட்டுரைக்கு உதவும்.

சண்முகம் சித்தப்பா, காலை 7:24
வெயில் சுவரில் சாய்வாக விழும்போது எடு. உச்சி வெயிலில் எழுத்து தெரியாது. இப்போதே கிளம்பு. குருக்களிடம் நான் பேசிவிடுகிறேன்.