பெரியவீடு, தேவிபட்டினம் (காதுகுத்து)

கலா மதினி: [போட்டோ] பாப்பா கழுத்தப் பாருங்க. நேத்து ஒண்ணுமில்ல. விடிஞ்சா கோடு இழுத்தாப்புல செவந்து கொப்புளம். ஞாயித்துக்கிழமை காதுகுத்த வச்சுக்கிட்டு

பெரிய அயித்தை: அக்கி

பெரிய அயித்தை: வேளாரக் கூப்பிட்டு காவி எழுது

செல்வி துபாய்: பலமுறை பகிரப்பட்டது: கென்யாவிலிருந்து புறப்பட்டுவிட்டது ஆசிட் பூச்சி!! கடித்தால் தோல் உருகும்!!

முத்து அண்ணன்: எந்த பஸ்ல வருதாம்

ராசு சித்தப்பா: செல்வி, அத அழி. கென்யாவுல இருக்கறது வேற இனம். இது பெடிரஸ் ஃபஸ்கைப்ஸ். மேக்க இங்கிலாந்து, கெழக்க ஜப்பான், தெக்க ஆஸ்திரேலியா வரைக்கும் இருக்கு. நம்ம வயல்லயும்தான். வண்டு, ஆனா பாத்தா எறும்புன்னுதான் சொல்லுவ. ஒரு சென்டிமீட்டர் வராது. செவப்பு உடம்பு, தல கருப்பு, நடுவுல மயில்கழுத்து நெறத்துல குட்டைச் சிறகு. தொட்டா வால தேளு மாதிரி தூக்கும். கடிக்காது, கொட்டாது. மேல வச்சு நசுக்குனாத்தான் வெனை. உள்ள பெடெரின்னு ஒரு விஷம், அதுவும் வண்டு செய்யல, வண்டுக்குள்ள குடியிருக்க பாக்டீரியா செய்யுது

முத்து அண்ணன்: சித்தப்பு பிரியாணியா சாம்பாரா?

ராசு சித்தப்பா: இரு. புண்ணு அன்னைக்கே தெரியாது. ஒண்ணு ரெண்டு நாள் ஆகும். கலா, முந்தாநாள் ராத்திரி புள்ள எங்க இருந்துச்சு?

கலா மதினி: மாடியில மாமா. இவுக பந்தல் லைட்ட போட்டுப் பாத்தாக. வெள்ள வெளேர்னு நாலு லைட்டு

கலா மதினி: ஏங்க

முத்து அண்ணன்: நான் என்ன பண்ணேன்

செல்வி துபாய்: மண்டபத்துல வைங்கன்னு அன்னைக்கே சொன்னேன்

முத்து அண்ணன்: மண்டபத்துக்கு நீ குடுக்குறியா

பெரிய அயித்தை: என் மக கல்யாணத்துக்கும் மண்டபம் வேணாம்னுதான் சொன்னாக

ராசு சித்தப்பா: அக்கா அது இப்ப எதுக்கு. வெள்ள லைட்டுக்கு வயல்ல இருந்து ஏறி வரும். மழ பேஞ்ச கார்த்திகை வேற. மஞ்ச பல்ப மாத்து, இல்ல பகல்லயே பந்திய முடி. புள்ள கழுத்த சோப்புப் போட்டுக் கழுவு, தலகாணி உறையையும் தொவை. கைய கண்ணுல வைக்க விடாத. டாக்டர்ட்ட காட்டு

கலா மதினி: மாமா வயலுக்கு மருந்தடிச்சா போயிருமா?

ராசு சித்தப்பா: அடிக்காத! நெல்லுச் சாற உறிஞ்சுற புகையான் பூச்சியத் திங்கிறதே அதுதான்

பெரிய அயித்தை: 31 வருசம் ஆபீசுல பூச்சி எண்ணுன. அப்பா வயலுக்கு ஒரு நா வந்தியாடா

ராசு சித்தப்பா: 🙏

செல்வி துபாய்: அப்ப பகலா ராத்திரியா? நான் டிக்கெட் போடணும்

முத்து அண்ணன்: பந்தக்காரன்கிட்ட கேக்குறேன்

பெரிய அயித்தை: வேளார்ட்ட சொல்லியாச்சு. ஆறு மணிக்கு வாராரு

கலா மதினி: பெரியம்மா...