'ரீசனபிள் அகாமடேஷன்': வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

பாளையங்கோட்டை ஆசிரியை:
வணக்கம். மாற்றுத்திறன் மாணவர்களுக்குத் தேர்வு நடத்துவது பற்றிய ஆசிரியர் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஊனம் தடையாகாதபடி தேவையான மாற்றம் செய்து தருவதைச் சட்டம் ஆங்கிலத்தில் 'ரீசனபிள் அகாமடேஷன்' என்கிறது. இந்தச் சொல் வரும் இடமெல்லாம் தமிழில் 'சலுகை' என்று போட்டிருக்கிறேன். தேர்வறையில் புழங்குவது அதுதான்: கூடுதல் நேரம் சலுகை, சொல்வதை எழுதுபவர் சலுகை, மொழிப்பாட விலக்கு சலுகை. எழுதிய எனக்கே உறுத்துகிறது.

தென்காசி வக்கீல்:
சலுகை வேண்டவே வேண்டாம் டீச்சர். அது கொடுப்பவர் மனசைப் பொறுத்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, இதை மறுப்பதே பாகுபாடு என்கிறது. 2021இல் விகாஷ் குமார் வழக்கில், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒருவருக்கு, ஊனம் 40 சதவீதம் இல்லை என்று சொல்லி எழுதுபவரை மறுக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். 'நியாயமான வசதி' என்று போடுங்கள்.

அம்பாசமுத்திரம் தமிழாசிரியர் (ஓய்வு):
வசதி வடசொல், அங்கே அதற்குக் குடியிருப்பு என்று பொருள். மாணவனுக்கு லாட்ஜா பிடிக்கிறோம்? 'தகவமைவு' என்க. 'தகுதி எனவொன்று' என்ற குறளில் தகுதி நடுவுநிலைமை. 'தக்கார் தகவிலர்' என்பதிலும் அதே. தகைதல் என்றால் தடுத்தல் என்றும் பொருள் உண்டு. அந்தக் கிளையைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

ஆசிரியை:
ஐயா, எங்கள் அறிவியல் பாடத்தில் தகவமைப்பு என்றால் ஒட்டகத் திமிலும் கள்ளி முள்ளும். அங்கே சூழலுக்கு ஏற்ப உயிர் மாறுகிறது. இங்கே மாற வேண்டியது தேர்வு, பிள்ளை அல்ல.

வள்ளியூர் மொழிபெயர்ப்பாளர்:
'தேர்வுத் தோது'? "தோதுப்பட்டா வாரேன்" என்று சொல்லாத ஆள் நம்மூரில் உண்டா?

தமிழாசிரியர்:
தம்பி, சட்டத்தில் போய் தோதா? வேர் என்ன?

மொழிபெயர்ப்பாளர்:
வேர் தெரியாது அண்ணாச்சி, அர்த்தம் தெரியும். உங்கள் சொல்லுக்கு வேர் தெரிகிறது, அர்த்தம் ஒட்டகத்தில் ஏறிப் போகிறது.

தூத்துக்குடி கல்வியியல் விரிவுரையாளர்:
ஒரு சொல் போதாது. கணக்குத் தேர்வில் வினாவை வாசித்துக் காட்டினாலும் அளப்பது கணக்கைத்தான். வாசிப்புத் தேர்வில் வாசித்துக் காட்டினால் அளக்கும் பொருளே போய்விடும். மாணவர் சொல்வதை எழுதுபவர் 'மரம்' எழுதினாரா 'மறம்' எழுதினாரா? அந்த மதிப்பெண் யாருடையது? அளக்கும் பொருள் மாறாவிட்டால் 'வழிமாற்றம்', அதுவே மாறினால் 'அளவுமாற்றம்' என்று பிரிக்கலாம்.

ஆசிரியை:
மரம், மறம் எங்களுக்குத் தினப்பாடு. "வல்லின ற போடுங்க அக்கா" என்று பிள்ளையே சொல்லிவிடும். அப்போது மதிப்பெண் அதற்கே. கேட்காமல் எழுதுபவரே திருத்திவிடுவதுதான் தப்பு. சட்டத்தைவிட இதற்குத்தான் கையேட்டில் அதிகப் பக்கம்.

வக்கீல்:
பிரித்தால் 'நியாயமான' விழுந்துவிடும். அளவுக்கு மீறிய சுமை ஏற்றாமல் என்ற நிபந்தனை அதற்குள்தான் இருக்கிறது. தவிர, சட்டத்தின் விளக்கமே மாற்றங்களையும் சரிப்படுத்தல்களையும் ஒன்றாகத்தான் சொல்கிறது.

ஆசிரியை:
அச்சகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. சட்டம் வரும் இடத்தில் 'நியாயமான வசதி'. வகுப்பறை எடுத்துக்காட்டுகளில் வழிமாற்றம், அளவுமாற்றம். ஒரே ஒரு பெட்டிச் செய்தியில் மட்டும் 'தோது'. எல்லாருக்கும் நன்றி.

தமிழாசிரியர்:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். தகைதல் மடல் நாளை வரும்.