எம்.எஸ்சி. இயற்பியல், பி.எட்.: தனியார் 25,000, தற்காலிகப் பணி 18,000, டி.ஆர்.பி. – உண்மையில் கையில் எவ்வளவு வரும்?

இயற்பியல்_பிஎட் கேட்டது:

எம்.எஸ்சி. இயற்பியல், பி.எட். முடிந்துவிட்டது. இப்போது மூன்று வழி தெரிகிறது. தனியார் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் 11, 12-ஆம் வகுப்புக்கு மாதம் 25,000 என்கிறார்கள். அரசு மேல்நிலைப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக முதுகலை ஆசிரியர் பணி, 18,000. இல்லையென்றால் முதுகலை டி.ஆர்.பி.க்கு, அதாவது அரசுப் பள்ளிப் பணிக்கான ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வுக்கு, முழுநேரமாகப் படிக்கலாம்.

டி.ஆர்.பி.யில் தேர்வானால் முதல் மாதம் கையில் எவ்வளவு வரும்? இயற்பியல் என்பதால் கூடுதலாக ஏதாவது உண்டா? தனியார் பள்ளி சொல்லும் 25,000-ஐ எப்படிப் பிரித்துப் பார்ப்பது? விவரம் தெரிந்தவர்கள் எண்ணோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

பட்டியல்_எழுத்தர்:

தம்பி, அரசுப் பள்ளியில் பணியிடத்துக்குத்தான் சம்பளம். இயற்பியலோ வரலாறோ, முதுகலை ஆசிரியர் என்றால் ஒரே ஊதிய நிலை. ஆய்வகம் பார்ப்பதற்கென்று தனிப்படி கிடையாது. செய்முறைத் தேர்வுக்குப் புறத்தேர்வராகப் போனாலும் விடைத்தாள் திருத்தப் போனாலும் உழைப்பூதியம் வரும். அது ஆண்டுக்கு ஒருமுறை வரும் சிறு தொகை என்பதால் மாதக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

2017 அக்டோபரில் வந்த திருத்திய ஊதிய விதிகளின்படி முதுகலை ஆசிரியருக்கு நிலை 18, தொடக்க அடிப்படை ஊதியம் 36,900. 6 முதல் 10 வரை அறிவியல் எடுக்கும் பட்டதாரி ஆசிரியருக்கு நிலை 16, தொடக்கம் 36,400. இரண்டுக்கும் 500 ரூபாய்தான் வித்தியாசம் என்றால் பலர் நம்புவதில்லை. பழைய முறையில் தர ஊதியம் 4,600, 4,800 என்று 200 ரூபாய்தான் விலகியிருந்தது. அதுவே பெருக்கப்பட்டு 500 ஆனது.

அகவிலைப்படி 01.01.2025 முதல் 55 சதவீதம். அதை வைத்துப் போடுகிறேன், பிறகு உயர்ந்த விகிதத்தை நீங்களே மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

அடிப்படை 36,900
அகவிலைப்படி 20,295
மருத்துவப்படி 300
கூட்டினால் 57,495

இதன் மேல் வீட்டு வாடகைப்படி. மாநில அரசில் இது சதவீதம் இல்லை. அடிப்படை ஊதியம் எந்த வரம்புக்குள் வருகிறது, பள்ளி எந்த ஊரில் இருக்கிறது என்ற இரண்டையும் வைத்து அட்டவணையில் ஒரு நிலையான தொகை இருக்கும். சென்னையைச் சுற்றி அதிகம், மாநகராட்சிகளில் அதற்கு அடுத்து, கிராமத்தில் மிகக் குறைவு. ஒரே நாளில் சேர்ந்த இரண்டு பேர் சம்பளம் வேறுபட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

பிடித்தத்தில் பெரியது ஓய்வூதியப் பங்களிப்பு. 01.04.2003 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்கு அடிப்படை, அகவிலைப்படி இரண்டும் சேர்ந்ததில் 10 சதவீதம், அதாவது 5,720. மருத்துவக் காப்பீடு, குடும்பப் பாதுகாப்பு நிதி என்று இன்னும் சில நூறு ரூபாய் போகும். தொழில் வரி ஆண்டுக்கு இருமுறை பிடிப்பார்கள், எப்படிப் போனாலும் ஆண்டுக்கு 2,500-ஐத் தாண்டாது. ஆக, வாடகைப்படி சேர்க்காமலே 51,000-க்குச் சற்று மேல் கையில் வரும். புதிய வரி முறையில் இந்த அளவு சம்பளத்துக்கு வருமான வரி வராது.

ஆனால் முதல் மாதமே வந்துவிடும் என்று எண்ணி வீட்டுக்கடன் தவணையைத் தொடங்கிவிட வேண்டாம். பணியேற்பு அறிக்கை, உடற்தகுதிச் சான்று, ஓய்வூதியத் திட்ட எண், அரசின் சம்பள மென்பொருளான களஞ்சியத்தில் பணியாளர் பதிவு ஆகிய நான்கும் முடிந்தால்தான் பட்டியல் எழுத முடியும். இவற்றில் ஒன்று தாமதமானாலும் இரண்டு, மூன்று மாதச் சம்பளம் சேர்ந்து நிலுவையாகத்தான் வரும். இன்னொரு சிக்கலும் உண்டு. சில பணியிடங்கள் நிரந்தரமாக்கப்படாமல் தற்காலிகப் பணியிடமாகவே ஆண்டுக்கணக்கில் ஓடும். ஊதிய நீட்டிப்பு ஆணை வந்தால்தான் அந்த இடத்துக்குச் சம்பளம் போடலாம். கலந்தாய்வில் பள்ளி தேர்ந்தெடுக்கும்போது அது எந்தக் கணக்குத் தலைப்பில் வரும் பணியிடம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊருக்குப் பக்கம் என்று மட்டும் பார்த்து எடுத்துவிட்டு, ஒவ்வொரு நீட்டிப்பின்போதும் சம்பளத்துக்குக் காத்திருப்பவர்கள் நிறைய.

ஆய்வகம்_தாராபுரம்:

தனியார் பள்ளிப் பக்கத்தை நான் சொல்கிறேன். 25,000 என்ற எண்ணை அப்படியே நம்பக் கூடாது. பணி ஆணையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

முதலில் பி.எஃப். வைப்பு நிதிக்கான ஊதிய வரம்பு 15,000. அதில் 12 சதவீதம் 1,800 உங்கள் பங்கு, இன்னொரு 1,800 பள்ளியின் பங்கு. பள்ளி தன் பங்கையும் 25,000-க்குள்ளேயே அடக்கிச் சொல்லியிருந்தால் கையில் வருவது 21,400. அடுத்து மே மாதம். "11 மாதச் சம்பளம்" என்றால் 21,400-ஐப் பதினொன்றால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுக்க வேண்டும். 19,617 வரும். 25,000 என்று கேட்ட சம்பளம் உண்மையில் 19,600 ஆகிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "பள்ளியின் பி.எஃப். பங்கு இதற்குள்ளா வெளியிலா, மே மாதம் உண்டா?" என்பதே. தயங்காமல் கேளுங்கள், பதிலை ஆணையில் எழுதி வாங்குங்கள்.

சில இடங்களில் அடிப்படை ஊதியத்தை 8,000 என்று குறைத்து, மீதியை எல்லோருக்கும் பொதுவான "சிறப்புப் படி" என்று காட்டி, 8,000-க்கு மட்டும் பி.எஃப். கட்டுவார்கள். மேற்கு வங்கத்துத் தனியார் பள்ளி ஒன்று தொடர்பான வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் 2019-இல் இதற்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டது: எல்லோருக்கும் ஒரே மாதிரி தரப்படும் படி, அடிப்படை ஊதியத்தோடு சேர்த்தே கணக்கிடப்பட வேண்டும். இதற்கு நேர் எதிரான வழியும் உண்டு. முதன்முறை வேலைக்குச் சேருபவரின் அடிப்படையை 15,000-க்கு மேல் காட்டினால், அவரை வைப்பு நிதிக்கு வெளியே நிறுத்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கையில் கூடுதலாக வருகிறதே என்று தோன்றும். ஆனால் பள்ளியின் பங்கு மாதம் 1,800 உங்களுக்கு இல்லாமல் போகிறது.

இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கான ஊதிய வரம்பு 21,000. உங்கள் பங்கு 0.75 சதவீதம், நிர்வாகத்தின் பங்கு 3.25. 25,000-க்கு அது பொருந்தாது, மருத்துவச் செலவு உங்கள் தலையில்.

வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடையை (கிராஜுவிட்டி) பலர் மறந்துவிடுகிறார்கள். தனியார் பள்ளி ஆசிரியருக்கும் பணிக்கொடை உண்டு. 2009-இல் சட்டத்தைத் திருத்தி 03.04.1997 முதல் முன்தேதியிட்டுக் கொடுத்தார்கள், 2022-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை செய்தால், கடைசி அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 15,000 அடிப்படைக்கு ஐந்து ஆண்டில் 43,269. ஒவ்வொரு ஏப்ரலிலும் ராஜினாமா எழுதி வாங்கி ஜூனில் புதிய ஆணை கொடுக்கும் பள்ளிகளில் இதைத்தான் இழக்கிறோம். பணி தொடர்ச்சி அறுந்துவிட்டது என்று காட்ட அந்தக் கடிதம் போதும். எக்காரணம் கொண்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழ்களையும் பள்ளியில் விட்டுவைக்காதீர்கள், பார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

பாடம் சம்பளத்தை மாற்றுமா என்றால், தனியாரில் மாற்றும். இயற்பியலும் வேதியியலும் நீட், ஜே.இ.இ. இரண்டுக்கும் வேண்டும். உயிரியல் நீட்டில் 720-க்கு 360 மதிப்பெண் என்றாலும் ஜே.இ.இ.க்குத் தேவையில்லை, அந்த 360-ம் தாவரவியல், விலங்கியல் என்று இரண்டு ஆசிரியருக்குப் பிரிகிறது. ஒருங்கிணைந்த பயிற்சி நடத்தும் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் பேரம் பேசுவதற்கு இதுதான் காரணம். ஆனால் பாடநூல் நடத்தினால் மட்டும் அந்தச் சம்பளம் வராது. மாதிரி வகுப்பில் எந்திரவியலிலோ மின்னியலிலோ இரண்டு, மூன்று கொள்குறி வினாக்களைக் கரும்பலகையில் நேரம் வைத்துப் போட்டுக் காட்டச் சொல்வார்கள். அங்கே தடுமாறினால் பேசிய தொகை இறங்கும். அத்தோடு வாரத்துக்கு எத்தனை பாடவேளை, காலை மாலைச் சிறப்பு வகுப்பு உண்டா, ஞாயிறு தேர்வு உண்டா என்று கேட்டு, மாதச் சம்பளத்தை மொத்த மணிநேரத்தால் வகுத்துப் பாருங்கள். டி.ஆர்.பி.க்குப் படிக்க நினைப்பவருக்குப் பணத்தைவிட அந்த மணிநேரம் முக்கியம்.

இயற்பியல்_பிஎட்:

மிக்க நன்றி. 11 மாதம் என்பதை நான் கேட்கவே இல்லை, நாளை கேட்கிறேன். இன்னும் மூன்று சந்தேகம். தனியாரில் ஐந்து ஆண்டு அனுபவம் இருந்தால் அரசுப் பணியில் அடிப்படை கூடுமா? பிஎச்.டி. முடித்தால் ஊக்க ஊதியம் உண்டா? கேந்திரிய வித்யாலயாவில் சம்பளம் அதிகம் என்கிறார்களே, அது எவ்வளவு?

பட்டியல்_எழுத்தர்:

அனுபவத்தால் அடிப்படை உயராது. சுயநிதிப் பள்ளி அனுபவம் எத்தனை ஆண்டு இருந்தாலும் 36,900-இல்தான் தொடங்கும். அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் கவனம் வேண்டும். ஒரே வளாகத்தில் அரசு ஊதியம் பெறும் பணியிடமும் சுயநிதிப் பிரிவும் இருக்கும், வாசலில் பெயர்ப்பலகை ஒன்றுதான். நியமன ஆணையைக் கல்வித் துறை ஏற்பளிப்புச் செய்தால்தான் அரசுச் சம்பளம். ஏற்பளிப்பு வராமல் ஆண்டுக்கணக்கில் நிர்வாகம் தரும் சிறு தொகையில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் நிலை மிகக் கடினம். ஆகஸ்ட் 1 மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணியாளர் நிர்ணயம் செய்யும்போது அந்த இடம் உபரி என்று வந்துவிட்டால் ஏற்பளிப்பு இன்னும் தள்ளிப்போகும்.

உயர்கல்விக்கான ஊக்க ஊதிய உயர்வு 10.03.2020 அரசாணையோடு நின்றுவிட்டது. அதற்கு முன் எம்.எட்., முதுகலைப் பட்டம் என்று இரண்டு முறை அடிப்படை கூடும், அது ஓய்வு வரை தொடரும். பிறகு வந்தது ஒருமுறை மட்டும் கிடைக்கும் தொகை. பிஎச்.டி. படிக்க விருப்பமிருந்தால் படியுங்கள், சம்பளத்துக்காக என்றால் வேண்டாம்.

அடிப்படை உயர்வது இப்படித்தான். ஆண்டுக்கு 3 சதவீத உயர்வு: 36,900, 38,000, 39,100 என்று அட்டவணையில் ஒவ்வொரு கட்டமாக நகரும். பத்து ஆண்டில் சுமார் 49,500. அப்போது தேர்வுநிலை, அதற்கு இரண்டு ஊதிய உயர்வுக்கு இணையான பலன். இருபதாவது ஆண்டில் சிறப்புநிலை. இந்தத் தேர்வுநிலை பலருக்குத் தாமதமாவதற்குக் காரணம் உண்மைத்தன்மைச் சான்று. பத்தாம் வகுப்பு முதல் பி.எட். வரை ஒவ்வொரு சான்றிதழும் உண்மைதான் என்று தேர்வுத் துறையும் பல்கலைக்கழகமும் எழுதித் தர வேண்டும். வெளிமாநிலப் பல்கலைக்கழகம் என்றால் பதில் வர மாதக்கணக்கில் ஆகும். பணியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே அனுப்பி வாங்கிப் பணிப்பதிவேட்டில் பதிந்துவிடுங்கள்.

15 நாள் ஈட்டிய விடுப்புச் சரண், அதாவது எடுக்காத விடுப்பை ஒப்படைத்துப் பணமாகப் பெறுவது, 2020-இல் நிறுத்தப்பட்டு 01.10.2025 முதல் மீண்டும் வந்திருக்கிறது. ஏறத்தாழ அரை மாதச் சம்பளம், அதையும் ஆண்டுக் கணக்கில் சேருங்கள்.

கேவி_வேதியியல்:

கேந்திரிய வித்யாலயா முதுகலை ஆசிரியருக்கு மத்திய ஊதிய அட்டவணையில் நிலை 8, தொடக்கம் 47,600. அதே 55 சதவீத அகவிலைப்படி 26,180. இங்கே வாடகைப்படி சதவீதக் கணக்கு: சென்னையில் 30, கோயம்புத்தூர் போன்ற நகரங்களில் 20, சிறு ஊர்களில் 10. போக்குவரத்துப்படி சென்னையில் 3,600, அதற்கும் அகவிலைப்படி உண்டு. சென்னையில் மொத்தம் 93,640. சிறு ஊரில் போக்குவரத்துப்படி 1,800 ஆகிவிடும், மொத்தம் 81,330. ஒரே பதவி, ஊர் மாறினால் 12,310 குறைகிறது. ஓய்வூதியத்துக்கு உங்கள் பங்கு 10 சதவீதம், அரசின் பங்கு 14.

பணியமர்த்தல் இந்தியா முழுதும் என்பதால் முதல் நியமனம் வடகிழக்கிலும் கிடைக்கலாம். இன்னொரு எச்சரிக்கை, பட்டதாரி நிலைக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு. அங்கே "அறிவியல்" பட்டதாரி ஆசிரியர் என்றால் தாவரவியல், விலங்கியல், வேதியியல் மூன்றையும் பட்டப்படிப்பில் படித்திருக்க வேண்டும். பி.எஸ்சி. இயற்பியல் படித்தவருக்கு அந்த இடம் கிடையாது. கணிதமும் உடன் படித்திருந்தால் கணித ஆசிரியர் பணிக்குத் தகுதி வருமா என்று பார்க்கலாம். துணைப்பாடமாக எத்தனை ஆண்டு படித்திருக்க வேண்டும் என்பதை அறிவிப்பில் வரிக்கு வரி படியுங்கள், சான்றிதழ் சரிபார்ப்பில் அதிகம் பேர் கழிவது அங்கேதான்.

ஆய்வகம்_தாராபுரம்:

18,000 தற்காலிகப் பணி பற்றி யாரும் சொல்லவில்லை. அதில் விடுமுறை மாதச் சம்பளம், பி.எஃப்., அனுபவச் சலுகை எதுவும் கிடையாது. பதவி உயர்விலோ மாறுதலிலோ நிரந்தர ஆசிரியர் வந்தால் அன்றே முடிந்துவிடும். நிதி தவணையாக வருவதால் சம்பளமும் சேர்ந்து சேர்ந்துதான் வரும். அது இருந்தும், 25,000 என்பது மேற்சொன்ன கணக்கில் 19,600 ஆகிவிட்டால், மாலை நான்கரைக்கு வீட்டுக்கு வரவிடும் 18,000-ஐ நான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். முதுகலை டி.ஆர்.பி.யில் 150 வினாவில் 110 பாடம், 30 கல்வியியல், 10 பொது அறிவு. 11, 12 இயற்பியலைத் தினமும் நடத்துவது அந்த 110-க்கு அடித்தளம்தான், ஆனால் வினாக்கள் எம்.எஸ்சி. அளவில் வருவதால் குவாண்டம் இயக்கவியல், கணித இயற்பியல், மின்காந்தவியலுக்கு மாலை நேரம் தனியாக வேண்டும். தமிழ்த் தகுதித் தாளில் 50-க்கு 20 எடுக்காவிட்டால் இயற்பியல் தாளைத் திருத்தவே மாட்டார்கள், பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதுகலைக்கு டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தேவையில்லை.

தனியார் பள்ளி நாளை என்ன பதில் சொன்னது என்று இங்கே போடுங்கள், ஆணையில் உள்ள வாசகத்தோடு. சேர்ந்தே பார்த்துவிடலாம்.