வின்னிங் பிட்ச்சர்: 'வெற்றி எறிவாளர்' சரியா?

ஐயா, வணக்கம். நண்பர்களுக்கும் வணக்கம்.

பேஸ்பாலில் மட்டையாளரை நோக்கிப் பந்தை விடுபவர் பிட்ச்சர்; அணியின் வெற்றி எந்தப் பிட்ச்சர் கணக்கில் ஏறுகிறதோ அவர் 'வின்னிங் பிட்ச்சர்'. அதற்குத் தமிழாக நீங்கள் முன்வைத்த 'வெற்றி எறிவாளர்' பற்றி இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதன் இரண்டு பாதியிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

முதலில் 'எறிவாளர்'. நம் கையில் இருப்பது 1871 முதல் 1875 வரை அமெரிக்காவில் நடந்த முதல் தொழில்முறை பேஸ்பால் லீக்கான நேஷனல் அசோசியேஷனின் பட்டியல். அப்போது பிட்ச்சர் 45 அடி தூரத்தில் நின்று, இடுப்புக்குக் கீழாகக் கையை வீசித்தான் பந்தை விடவேண்டும். தோளுக்கு மேலே கையைத் தூக்கி எறியக் கூடாது. அடுத்து வந்த நேஷனல் லீக் அதை அனுமதித்ததே 1884இல்தான். அன்றைய விதி தடுத்த செயலையே அவருக்குப் பெயராக வைக்க எனக்கு மனம் வரவில்லை. 'வீச்சாளர்' என்றால் இரண்டு காலத்துக்கும் பொருந்தும். கிரிக்கெட் பந்துவீச்சாளரோடு குழம்பும் என்று ஒருவர் எழுதியிருந்தார். பேஸ்பால் கட்டுரைக்குள் அந்தக் குழப்பம் வராது.

அடுத்து 'வெற்றி'. பெயருக்கு முன்னால் வெறும் 'வெற்றி' நின்றால் அது பாராட்டாகிவிடுகிறது. தேர்தல் சுவரொட்டியில் 'வெற்றி வேட்பாளர்' என்று போடுகிறார்களே, அவர் இன்னும் வென்றிருக்கக்கூட மாட்டார். இங்கே சொல்லவேண்டியது, அணியின் வெற்றி யார் கணக்கில் ஏறுகிறது என்பது.

பழைய பட்டியலில் அணியின் வெற்றிக்கும் வீச்சாளர் கணக்குக்கும் உள்ள வேறுபாடு கண்ணில் படாது. 1874இல் பாஸ்டன் ரெட் ஸ்டாக்கிங்ஸ் வென்ற ஆட்டங்கள் 52. அதன் வீச்சாளர் ஆல் ஸ்பால்டிங் பெயருக்கு எதிரே இருப்பதும் 52. ஏறக்குறைய எல்லா ஆட்டத்தையும் அவரே வீசினார். எப்போதாவது அவர் தளர்ந்தால் சென்டர் ஃபீல்டில், அதாவது மைதானத்தின் பின்பகுதி நடுவில், நிற்கும் ஹாரி ரைட் வந்து வீசுவார், அவ்வளவுதான். ஐந்து ஆண்டில் ஸ்பால்டிங்குக்கு 204 வெற்றி. எந்த ஆண்டும் அவரை யாரும் முந்தவில்லை.

சிக்கல் தெரிவது 1884இல். பிராவிடன்ஸ் அணியின் வீச்சாளர் ராட்போர்னுக்கு அந்த ஆண்டு 59 வெற்றியா, 60ஆ என்று இன்றும் இரண்டு கணக்கு உண்டு. ஜூலை 28 ஆட்டத்தில் ஒன்பது இன்னிங்ஸில் முதல் ஐந்தை வீசியவர் அதே அணியின் மில்லர். அணி முன்னிலையில் இருந்தபோது அவர் விலக, மீதி நான்கை ராட்போர்ன் வீசினார். ஸ்கோர் எழுதியவர் வெற்றியை ராட்போர்னுக்குக் கொடுத்தார். இன்றைய விதியில், தொடங்கியவர் ஐந்து இன்னிங்ஸ் முடித்து முன்னிலையில் விலகி, அந்த முன்னிலை கடைசிவரை கைவிட்டுப் போகவில்லை என்றால் வெற்றி அவருடையது. அதாவது மில்லருடையது. அணி வென்றதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வெற்றி யாருக்கு உரியது என்பதில்தான் வழக்கே.

அதனால் என் பரிந்துரை: வெற்றிக்குரிய வீச்சாளர். எதிர்ப்பதம் தோல்விக்குரிய வீச்சாளர்.

---

தம்பி, வணக்கம்.

'எறிவாளர்' என்பதை விட்டுவிடுகிறேன். இடுப்புக்குக் கீழே வீசும் விதியை நான் நினைத்துப் பார்க்கவில்லை. ஆனால் 'வெற்றிக்குரிய வீச்சாளர்' பட்டியல் தலைப்புக்கு நீளம். வீச்சாளர் பட்டியல் என்று மேலேயே இருப்பதால் அங்கே 'வெற்றிக்குரியவர்' போதும். கட்டுரையில் முதல் தடவை மட்டும் முழுதாக எழுதலாமா?

---

ஐயா, அப்படியே செய்யலாம். 1871ஆம் ஆண்டுப் பட்டியலை இன்று இரவே மாற்றிவிடுகிறேன். மே 4, ஃபோர்ட் வெய்ன், லீகின் முதல் ஆட்டம், 2-0. வெற்றிக்குரியவர்: பாபி மேத்யூஸ்.