விளம்பரப் படக் கம்பெனியில் வேலை: உங்கள் அனுபவம் என்ன?

எடிட்டர், சாலிகிராமம்:

சென்னையில் எங்களுக்கு ஆடியும் தீபாவளியும்தான் அறுவடைக் காலம். ஜூன் பிறந்தாலே ஜவுளிக்கடைப் படங்கள் வரிசைகட்டி நிற்கும். ஷூட்டிங் கனவோடு வேலைக்கு வருகிறார்கள். முக்கால்வாசிப் பேருக்குக் கிடைப்பது ஏசி அறையும் ஹார்ட் டிஸ்க்கும்தான். புதிய உதவியாளருக்கு முதல் வேலை, கேமரா கார்டுகளை இரண்டு டிஸ்க்குகளில் காப்பி எடுத்துச் சரிபார்ப்பது, எடிட்டுக்கு ப்ராக்ஸி, அதாவது எடை குறைந்த நகல், போடுவது, எந்த டேக் ஓகே என்று எழுதிவைப்பது. இதைச் சுத்தமாகச் செய்கிற ஆளை எந்த எடிட்டரும் கைவிடமாட்டார். ‘எனக்குக் கதை பண்ணத் தெரியும் சார்’ என்பவரை அப்புறம் பார்த்துக்கொள்வார்கள்.

30 நொடி விளம்பரம் என்றால், டிவி கணக்கில் நொடிக்கு 25 ஃபிரேம் வீதம் 750 ஃபிரேம். அதற்குள் மணப்பெண், அம்மா, கடை வாசல், தள்ளுபடி, கிளைகளின் பெயர், லோகோ எல்லாம் வரவேண்டும். அதையே 20 நொடிக்கும் 10 நொடிக்கும் வெட்ட வேண்டும். இப்போது போனுக்காக 9:16 நெட்டுக்குத்து வடிவம் வேறு. அகலமாக எடுத்த ஷாட்டில் மாப்பிள்ளை இந்த ஓரம், பெண் அந்த ஓரம். நெட்டுக்குத்தில் ஒருவருக்குத்தான் இடம். புடவை விளம்பரத்தில் யார் போவார் என்று சொல்ல வேண்டுமா? பாவம் மாப்பிள்ளை.

ஒரு ரிவ்யூவில் கடை முதலாளி, ‘இது நம்ம கலரே இல்லையே’ என்றார். மறுநாள் புடவையே நேரில் வந்துவிட்டது. மயில்கழுத்து நிறப் பட்டு. பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம்; திருப்பத் திருப்ப நீலம், பச்சை. படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் கலரிஸ்ட்டின் அறையில் எப்போதும் மங்கலான வெளிச்சம்தான் இருக்கும். முதலாளி ட்யூப்லைட்டைப் போடச் சொன்னார். போட்டதும் புடவை ஒரு நிறம், மானிட்டர் ஒரு நிறம். கலரிஸ்ட் அண்ணன் பதறவில்லை. ஒரு மடிப்பைக் கையில் எடுத்து மெதுவாகச் சாய்த்துக் காட்டி, ‘ஐயா, இதுல எந்தப் பக்கத்தைப் போடட்டும்?’ என்று கேட்டார். முதலாளி சிரித்துவிட்டார். பச்சையைக் கொஞ்சம் கூட்டி ஓகே வாங்கினோம். கிரியேட்டிவ் வேலை என்று யாராவது பேசினால் எனக்கு அந்தக் கேள்விதான் ஞாபகம் வரும்.

தயாரிப்பு உதவியாளர்:

எடிட் ரூம் புலம்பல் சரி, எங்கள் பக்கமும் கேளுங்கள். காலை ஆறு மணி கால்ஷீட் என்றால் நாங்கள் நாலரைக்கே ஸ்பாட்டில் இருக்க வேண்டும். இட்லியும் பொங்கலும் நேரத்துக்கு வராவிட்டால் கேமரா நகராது. பேக்கப் சொன்னதும் லைட்மேன் அண்ணன்களுக்குப் பேட்டா, அதாவது தினப்படி, கைக்குப் போய்விட வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஷூட்டில் நம் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். வேலைக்கு வரும் பெண்கள் முதலிலேயே கேட்டுவிடுங்கள்: லொகேஷனில் கழிப்பறை எங்கே, ராத்திரி லேட்டானால் வீடுவரை வண்டி உண்டா. தப்பாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். மேனேஜர் பதில் சொல்கிற விதத்திலேயே கம்பெனி எப்படி என்று தெரிந்துவிடும்.

மோஷன் கிராஃபிக்ஸ், ஃப்ரீலான்ஸ்:

காசு பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே! ‘கிளையண்ட் கொடுத்ததும் தர்றோம் தம்பி’ என்பதை நம்பி உட்காராதீர்கள். முதலில் உத்யம், அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, செய்யுங்கள், இணையத்தில் இலவசம். பதிவு பெற்ற சிறு தொழிலுக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் வரவேண்டும் என்பது சட்டம். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, கெடு தாண்டிய பாக்கியைக் கம்பெனி எந்த ஆண்டில் தருகிறதோ அந்த ஆண்டில்தான் வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியும். அதனால் பில்லில் உத்யம் எண் இருந்தால் மார்ச் மாதம் அக்கவுண்ட்ஸ்காரரே கூப்பிடுவார். அப்படியே, பில்லில் வரியாகப் பிடித்த டிடிஎஸ் உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பிடிப்பார்கள், கட்டத்தான் மறந்துவிடுவார்கள்.