ஊசி குத்தியதை மறைத்த இரண்டு மணி நேரம்

நெல்லைக்காரி:
பி.டி.எஸ். (பல் மருத்துவம்) மூன்றாம் வருடம், பல் எடுக்கும் ஓரல் சர்ஜரி பிரிவில் போஸ்டிங். வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். ஒரு பெரியவருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் எடுக்க மரத்துப்போகும் ஊசி போட்டேன். ஒரு கையில் சிரிஞ்சு, மறு கையில் மூடி. மூடப்போனபோது ஊசி கிளவுஸைத் துளைத்து ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது.

இரண்டு கையால் மூடக் கூடாது என்பது தெரியாமல் இல்லை. மூடியை டிரேயில் வைத்து, ஒரே கையால் ஊசியை அதற்குள் நுழைத்து எடுக்க வேண்டும். முந்தின வாரம்தான் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இதைச் சொல்லி மார்க் வாங்கியிருந்தேன். ஆனால் ஒரு தடவைகூடக் கையால் செய்து பழகியதில்லை.

அடுத்துச் செய்ததும் தப்பு. விரலைப் பிதுக்கினேன். பிதுக்கவே கூடாது, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவினால் போதும். மேடம் திட்டுவார்களோ என்ற பயத்தில் புது கிளவுஸ் மாட்டி, பல்லை எடுத்து, அடுத்த நோயாளியையும் பார்த்தேன். இரண்டு மணி நேரம் கழித்து இன்டர்ன் அக்கா விரலைப் பார்த்துக் கேட்டதும் அழுதுவிட்டேன். நோயாளிக்குப் போட்ட ஊசி குத்தினால் அவருடைய தொற்று நமக்கும் வரலாம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. அந்த நேரத்தைத்தான் நான் வீணடித்திருந்தேன்.

பெரியவர் இன்னும் வாசலில்தான் இருந்தார். பரிசோதனைக்கு ரத்தம் கேட்டோம். "புள்ள பயப்படுது, எடுத்துக்கோங்கம்மா" என்று கையை நீட்டினார். எல்லாம் நெகட்டிவ். அவரை நான் மறக்க மாட்டேன்.

அப்புறம்தான் இன்னொன்று தெரிந்தது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் போட்டிருந்தேன், டைட்டர் (ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் எவ்வளவு என்ற அளவு) பார்த்ததில்லை. 10 இருந்தால்தான் பாதுகாப்பு. எனக்கு 4. மறுபடி முதலிலிருந்து போட்டேன். தம்பி, தங்கைகளே, கடைசி டோஸ் போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் டைட்டர் பார்த்துவிடுங்கள்.

சேலத்துத் தம்பி:
அக்கா, என் கதை சலைன் (கழுவப் பயன்படும் உப்புநீர்) பாட்டில். நான் இன்டர்னாக இருந்த இடத்தில் காலையில் திறந்த பாட்டில் சாயங்காலம் வரை வருகிற நோயாளிகளுக்கெல்லாம் ஓடும். மூடியை நெம்ப, ஈறை எலும்பிலிருந்து விலக்கும் கருவியான பெரியாஸ்டியல் எலிவேட்டர். நானும் அப்படித்தான் செய்தேன், யாரும் தடுக்கவில்லை.

2023-இல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை எடுத்தவர்களுக்கு மூளைத் தொற்று வந்து எட்டுப் பேர் இறந்தார்கள். திறந்து வைத்திருந்த சலைன் பாட்டிலில்தான் அந்தக் கிருமி இருந்தது. அங்கேயும் பாட்டிலைத் திறந்தது எலிவேட்டரால். படித்தபோது கை நடுங்கியது.

இப்போது ஒரு நோயாளிக்கு ஒரு சின்ன பாட்டில். மீதியைக் கொட்டிவிடுகிறேன். செலவு என்று முணுமுணுப்பவர்களிடம் வாணியம்பாடியைச் சொல்கிறேன்.