மங்கு, களிம்பு, மாசி வெயில்: நேரில் கண்டவை

கோபிக்காரன்:
மங்கு எனப்படும் முகக் கருந்திட்டுக்கு மருத்துவரைக் கேட்காமல் களிம்பு வாங்கிப் பூசுவதும், அதை நிறுத்தியதும் முகம் கறுத்துப்போவதும் பற்றி நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். பெருந்துறைப் பக்கம் இருக்கும் என் சின்னம்மா, மங்குக்காக மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பைப் பல மாதங்கள் பூசிவந்தார்; முகம் வெளுத்தது, தெருவே விசாரித்தது. மாசியில், வேகவைத்த மஞ்சளைக் களத்தில் காயப்போடும் வேலை மும்முரமாக இருந்தபோது களிம்பு தீர்ந்துபோக, அப்படியே விட்டுவிட்டார். அடுத்து அவரை ஒரு கல்யாணச் சீரில் பார்த்தேன். களத்தில் முக்காடு மறைத்திருந்த நெற்றி வெளுத்தே இருக்க, அதற்குக் கீழே இரு கன்னங்களும் கோடு கிழித்துப் பிரித்தாற்போலச் செங்கருமையாக இருந்தன. எல்லாம் மாசி வெயில் செய்த வேலை என்றே நினைக்கிறேன். கல்யாணச் சடங்குகளை நடத்திவைக்கும் அருமைக்காரர் சீர் செய்துகொண்டிருந்த நேரம் முழுவதும் சின்னம்மா முந்தானையால் கன்னத்தை மூடியபடி தூணோரம் நின்றதை என்னால் மறக்க முடியவில்லை.

ஈரோட்டு மருந்துக்கடைக்காரர் (ஓய்வு):
வெயில்மேல் மட்டும் பழிபோடுவதை நான் ஏற்கவில்லை. சின்னம்மா பூசியது பெரும்பாலும் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றும் கலந்த களிம்பாக இருக்கும். மூன்றாவது ஒரு ஸ்டீராய்டு, அதாவது அட்ரீனல் சுரப்பியில் ஊறும் கார்ட்டிசால் ஹார்மோனைப்போல் வேலை செய்யும் செயற்கைப் பொருள். அது நிறமிச் செல்களை அழிப்பதில்லை, அடக்கியே வைக்கிறது. நாளடைவில் தோலையும் மெலியச் செய்கிறது. திடீரென நிறுத்தினால் அழற்சி கிளம்பும், அந்த அழற்சியே தோலைக் கறுக்கவைக்கும் நிறமியான மெலனினைப் புதிதாகத் தூண்டும். வெயிலில் உள்ள புற ஊதாக்கதிர் அதன்மேல் வந்து சேர்வதுதான். 2018-இல் மத்திய அரசு இத்தகைய களிம்புகளுக்கு மருத்துவர் சீட்டைக் கட்டாயமாக்கிய பிறகும், பெயரைச் சொல்லிக் கேட்டு வந்தவர்கள் குறையவில்லை.

பல்லடம் வாசகி:
“வந்து சேர்வதுதான்” என்று ஐயா எளிதாகத் தள்ளிவிட்டார். நான் வேலை பார்ப்பது பனியன் கம்பெனியில், கூரைக்குக் கீழே. கருத்தடை மாத்திரை சாப்பிட்ட காலத்தில் எனக்கு வந்த மங்கு, கம்பெனி வண்டியில் சன்னலோரம் இருந்த கன்னத்தில்தான் அடர்ந்தது. கண்ணாடி, புற ஊதா பி கதிரைப் பெரிதும் தடுத்தாலும் ஏ கதிரை உள்ளே விடுகிறது. மாத்திரையின் ஹார்மோன் இரு கன்னங்களுக்கும் ஒன்றுதானே?

பொள்ளாச்சி வாசகர்:
படர்தாமரைக்கு நான் பூசியதிலும் ஸ்டீராய்டு இருந்தது. தோல் வெளுத்தது, படர்தாமரை பரவியது, அவ்வளவே என் கதை. சின்னம்மாவுக்குச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். மாநிறத் தோலில் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும் என்பதால், சாதாரண வெள்ளை சன்ஸ்கிரீனைவிட இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல்நிறச் சாயலுள்ள சன்ஸ்கிரீனே நல்லது. இரு விரல் நீளம் எடுத்து முகம், கழுத்து முழுவதும் பூசி, களத்தில் நிற்கும்வரை இரண்டு மணிக்கொரு முறை மீண்டும் பூச வேண்டும். யாராவது எலுமிச்சைச் சாறு பூசச் சொன்னால் கேட்கவே கூடாது, அதன்மேல் வெயில் பட்டால் தோல் கொப்பளித்துப் பின்னர் கறுக்கும். பழைய களிம்பை மறுபடி வாங்குவதும் தீர்வாகாது.

கோபிக்காரன்:
யோசனை கேட்டு நான் எழுதவில்லை, இருந்தாலும் நன்றி. சின்னம்மா இப்போது கோவையில் ஒரு தோல் மருத்துவரிடம் காட்டிவருகிறார். அவர் வீரியம் குறைந்த ஸ்டீராய்டைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைக்கிறார். களத்துக்குப் போவதை மட்டும் சின்னம்மா நிறுத்துவதாக இல்லை.